மைல் கணக்கு

கேள்வி: மாதம் இருமுறை ஆபீஸ் வேலையாகச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் பறக்கிறேன். எந்த விமான கம்பெனியின் மைலேஜ் திட்டத்தில் சேரலாம்?

பதில்: டிக்கெட் போடுவது நீங்களா, ஆபீஸா? ஆபீஸ் என்றால், அவர்கள் எதில் ஏற்றுகிறார்களோ அதுதான் உங்கள் திட்டம்! சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் கிரிஸ்ஃப்ளையர். 2014 முதல் ஏர் இந்தியாவும் அதே ஸ்டார் அலையன்ஸ் கூட்டுக்குடும்பம்தான். அதில் பறந்தாலும் கிரிஸ்ஃப்ளையர் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். மலிவு டிக்கெட்டுக்கு மைல் சொற்பமே. இண்டிகோவின் புளூசிப் தனிக்குடித்தனம். நாலு உண்டியலில் சில்லறை போட்டால் ஒன்றும் நிரம்பாது. கிரிஸ்ஃப்ளையர் மைல்களுக்கு ஆயுள் 3 வருடம். நான் ஏதோ ஒரு திட்டத்தில் மகளின் தேனிலவுக்கென்று பதுக்கியவை, மாப்பிள்ளை ஜாதகம் வருவதற்குள் காலமாகிவிட்டன.