50,000 ரூபாயில் கேமிங் கம்ப்யூட்டர்: 81,000 செலவழிக்கும் முறை

என் அக்கா மகன் பி.இ. இரண்டாம் ஆண்டு போனபோது, அவனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்துக்கொள்வதோடு தாய்மாமன் கடமை முடிந்துவிடுவதில்லை. "படிப்புக்குத்தான் மாமா" என்றான். அக்கா 50,000 ரூபாய் கொடுத்தாள். வேலை முடிந்தபோது கணக்கு 81,000-ல் நின்றது. இடையில் நான் கற்றதைப் படிப்படியாகக் கீழே தருகிறேன். வரி பிசகாமல் பின்பற்றினால் உங்களுக்கும் இதே பலன் நிச்சயம்.

படி 1: என்ன ஆட்டம் என்று கேட்காதீர்கள்

தேவை என்ன என்று கேட்டுவிட்டுப் பொருள் வாங்குவது பழைய காலத்துப் பழக்கம். கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் செலவு குறைந்துவிடும். நான் ஒருமுறை வாய் தவறிக் கேட்டேன். "எல்லாமே ஓடணும் மாமா" என்றான். கம்ப்யூட்டர் கடையில் 'எல்லாமே'வைவிட விலை கூடிய பாகம் கிடையாது.

அடுத்தது யூடியூப். நாற்பது வீடியோவாவது பார்க்க வேண்டும். முதல் வீடியோ ஒரு கார்டை வானளாவப் புகழும். இரண்டாவது, அதை வாங்கியவன் ஏமாளி என்று நிரூபிக்கும். மூன்றாவது, "மூணு மாசம் பொறுங்க, புது மாடல் வருது" என்னும். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தால், அந்த ஆசாமியே அடுத்த மாடலுக்காகப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

படி 2: எழுத்துக்கு நீங்களே அர்த்தம் சொல்லிக்கொள்ளுங்கள்

சென்னையில் இந்தக் காரியத்துக்கு ரிச்சி தெருதான். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பட்ஜெட்டுக்குள் வீடு திரும்ப நினைப்பவர்கள் அன்று போகலாம்.

பிராசஸர் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். இன்டெலில் எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு செருகாவிட்டால் திரை இருட்டு. கே என்றால் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம், அதற்கு இடம் கொடுக்கும் மதர்போர்டும் இருந்தால். ஏ.எம்.டி.யில் ஜி என்றால் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இதெல்லாம் தெரிந்துகொண்டு போனால் கடைக்காரருக்கு வேலை இல்லாமல் போய்விடும். ஆகவே நாங்கள் எஃப் என்றால் ஃபாஸ்ட், கே என்றால் கிங், ஜி என்றால் கேமிங் என்று முடிவு செய்துகொண்டோம். ரைசன் 5 5600ஜி எங்கள் பைக்குள் வந்த கதை இதுதான்.

அது மட்டமான சரக்கு இல்லை. 6 கோர், 12 த்ரெட். தனி கார்டு வாங்கக் காசு இல்லாதவனுக்கு வரப்பிரசாதம். ஆனால் தனி கார்டு போடப் போகிறவனுக்கு ஜி இல்லாத 5600 இருக்கிறது: எல்3 கேஷ் 16 எம்.பி.க்குப் பதில் 32 எம்.பி.; கார்டுக்குப் போகும் பாதை பி.சி.ஐ.இ. 3-க்குப் பதில் 4. வீட்டில் சாம்பார் கொதிக்கும்போதே ஓட்டலில் சாம்பார் பார்சல் கட்டச் சொல்வது போல, உள்ளே ஒரு கிராபிக்ஸ், வெளியே ஒரு கிராபிக்ஸ் என்று இரண்டுக்கும் காசு கொடுத்தோம்.

படி 3: தொட்டியைப் பாருங்கள், குழாயைப் பார்க்காதீர்கள்

முதல் கடையில் ஒரு கார்டை எடுத்து வைத்தார்கள். ஜி.டி. 730. "4 ஜி.பி. சார், எல்லா கேமும் பறக்கும்." 2014-ல் வந்த கார்டு அது. ஜி.பி. என்பது மொட்டை மாடித் தொட்டியின் அளவு. தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதைச் சொல்வது குழாய். டி.டி.ஆர்.3 மெமரி வைத்த ஜி.டி. 730-இல் அந்தக் குழாய் வினாடிக்கு 30 ஜி.பி.யைக்கூடத் தொடாது. ஆர்.எக்ஸ். 6600 என்ற கார்டில் 224 ஜி.பி. இறங்கும். தொட்டி பெரிதாக இருந்து என்ன, குளிக்க நின்றால் சொட்டுச் சொட்டாக வரும்.

அதை வேண்டாம் என்று சொன்ன புத்திசாலித்தனத்தோடு நாங்கள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கிராபிக்ஸ் கார்டு வரிசை மாடிப்படி மாதிரி கட்டப்பட்டது. ஒவ்வொரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் நடுவே "ரெண்டாயிரம்தான் வித்தியாசம்". அந்த ரெண்டாயிரத்துக்கு ஆசைப்பட்டு ஏறினால் அடுத்த படியும் ரெண்டாயிரம்தான் என்று தெரியும். நாங்கள் ஆர்.எக்ஸ். 6600-இல் மூச்சு வாங்கி நின்றபோது பட்ஜெட் 57,000 ஆகியிருந்தது.

இரண்டாம் கை கார்டும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நெட்வொர்க், கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. அதுவரை இரவு பகல் கொதித்துக் கிடந்த கார்டுகள் சந்தைக்கு இறங்கின. பழைய கார் விற்பவர் எல்லா வண்டியையும் "டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்" என்பார் அல்லவா? இங்கே எல்லாக் கார்டும் "வீட்ல பையன் எப்பவாவது கேம் ஆடினது". அப்படிப்பட்ட பையன்கள் இந்த ஊரில் இவ்வளவு பேரா என்று வியந்தபடி கடந்து போனோம்.

படி 4: ரேமை ஒற்றையாக வாங்குங்கள்

ரேமுக்கு ஜோடி முக்கியம். 8 ஜி.பி. இரண்டு போட்டால் பிராசஸர் இரண்டு வழியாகத் தரவை இழுக்கும். 16 ஜி.பி. ஒன்றே போட்டால் ஒருவழிப் பாதைதான். 5600ஜி-யில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று மெமரி இல்லாமல் ரேமைத்தான் கடன் வாங்குகிறது. நாங்கள் "பின்னாடி இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்று ஒன்றே வாங்கினோம். பின்னாடி என்பது 2025 கடைசியில் வந்தது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை தங்கத்தோடு போட்டி போட்டது. கடைக்காரர் நகைக்கடைக்காரர் தோரணையில் "இன்னைக்கு ரேட்டா, நாளைக்கு ரேட்டா?" என்றார். ஒற்றை ரேம் ஒற்றையாகவே இருக்கிறது.

3200 என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பியும் வாங்கினோம். பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்தால்தான் பெரும்பாலும் அந்த வேகம் வரும். அதுவரை அது காசு வாங்கிக்கொண்டு மெதுவாக நடக்கும் ஆட்டோ.

படி 5: எஸ்.எம்.பி.எஸ்.ஸை இலவசமாகப் பெறுங்கள்

எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி இது. வெளியே தெரியாது, விளக்கு எரியாது, நண்பர்களிடம் காட்ட முடியாது. எனவே மிச்சம் பிடிக்க உகந்த இடம். கேபினட்டோடு '450 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்று சும்மாவே வந்தது. கையில் எடுத்தால் காலி சோப்பு டப்பா கனம்.

கணக்குப் போட்டால் பிராசஸருக்கு 65 வாட், கார்டுக்கு 132 வாட், மற்றதெல்லாம் சேர்த்து ஓர் 50. நாணயமான 450 வாட் இதை விசில் அடித்துக்கொண்டு சுமக்கும். எங்களுடையது ஒரு மாதம் சுமந்தது. பிறகு ஒருநாள் ராத்திரி 'டப்' என்ற சத்தம். தொடர்ந்து கருகல் வாசனை. அக்கா அடுப்படிக்கு ஓடினாள். கடைக்குப் போனேன். "அது கேபினட்டோட சும்மா வந்தது சார், அதுக்கு எப்படி வாரண்டி?" என்றார். தர்க்கத்தில் குறையில்லை. புதிதாக 2,500 ரூபாய்க்கு 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை போட்டது ஒன்று வாங்கினேன். அந்த முத்திரையும் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் கெபாசிட்டரின் தரத்துக்கு அது ஜாமீன் இல்லை. வாரண்டி எத்தனை வருடம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

படி 6: விளக்கு எரியட்டும்

கேபினட் மூன்று பக்கமும் கண்ணாடி. ஆறு ஃபேன், ஆறிலும் வண்ண விளக்கு. இதற்கு மட்டும் 5,000 கூடுதல். "லைட் இருந்தா ஃப்ரேம் ரேட் ஏறுமாடா?" என்றேன். "ஃபீல் ஏறும் மாமா" என்றான். முன்பக்கம் கண்ணாடியாக இருந்தால் காற்று எங்கே நுழையும்? சென்னை மே மாதத்தில் அந்த ஃபேன்கள் உள்ளே இருந்த வெக்கைக் காற்றையே சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தன. முன்பக்கம் வலை போட்ட சாதாரண கேபினட் விலை குறைவு, குளுமை அதிகம். ஆனால் அதைப் பார்த்து யாரும் "செம" என்று சொல்ல மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு இந்தக் கேபினட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபோது தனியாக சீரியல் செட் போட வேண்டிய தேவை இருக்கவில்லை என்பது உண்மை.

படி 7: பில் இல்லாமல் வாங்குங்கள்

"பில் போட்டா ஒரு ரேட், போடலேன்னா ஒரு ரேட்." ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 50,000-க்கு 9,000 மிச்சம் என்று மனம் துள்ளும். பாகம் பழுதானால் வாரண்டிக்கு முதலில் கேட்பது பில்தான் என்பதை அப்போது நினைக்கக் கூடாது. இந்த ஒரு படியில் மட்டும் நான் வழுக்கிவிட்டேன்: பில் வாங்கினேன். என்னைப் பார்த்துக் கற்காதீர்கள்.

படி 8: திரையை மறந்துவிடுங்கள்

50,000 என்று பட்ஜெட் போடுகிற எல்லோரும் மானிட்டரை மறப்பார்கள். வீடு வந்து, மேசைமேல் பெட்டியை வைத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், 12,000. கரண்ட் போனால் என்ன செய்வது என்று அக்கா கேட்டதில் யு.பி.எஸ்., 4,500. பழைய 600 வி.ஏ. யு.பி.எஸ். வீட்டில் இருந்தது, பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும் என்றாலும் இந்தப் பெட்டிக்கு அதுவே போதும் என்பதை வாங்கிய பிறகு கணக்குப் போட்டேன். அக்கா கொடுத்த 50,000, கார்டில் ஏறிய 7,000, விளக்குக்கு 5,000, மானிட்டர் 12,000, யு.பி.எஸ். 4,500, கருகிய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 2,500. கூட்டிப் பாருங்கள், 81,000 வரும்.

படி 9: ஒயரைக் கிடைத்த ஓட்டையில் செருகுங்கள்

இரண்டு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். "எப்படிடா ஓடுது?" என்றேன். "செம ஸ்மூத் மாமா. கார்டு வேற லெவல்." கேபினட்டைத் திருப்பிப் பார்த்தேன். மானிட்டர் ஒயர் மதர்போர்டில் செருகியிருந்தது. கிராபிக்ஸ் கார்டின் துளையில் கம்பெனி மாட்டி அனுப்பிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி கழற்றப்படாமல் இருந்தது. இரண்டு மாதமாக ஆட்டத்தை ஓட்டியது ஜி. அந்த விலை உயர்ந்த கார்டு, கண்ணாடிக்குப் பின்னால், ஆறு விளக்கு வெளிச்சத்தில், கொலுப் பொம்மையாக உட்கார்ந்திருந்தது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் விண்டோஸ் செட்டிங்கில் 60-லேயே இருந்தது. யாரும் மாற்றவில்லை, யாருக்கும் குறை தெரியவில்லை.

அப்போதுதான், இரண்டு மாதம் தாமதமாக, முதல் படியில் கேட்கக் கூடாது என்று சொன்ன கேள்வியைச் சரியாகக் கேட்டேன். "என்னென்னடா ஆடற?"

"வேலரன்ட் மட்டும்தான் மாமா."

வேலரன்ட் 2020-ல் வந்த இலவச ஆட்டம். 60 ஃப்ரேமில் ஆட என்ன கார்டு வேண்டும் என்று அதைத் தயாரித்த ரயட் நிறுவனமே பட்டியல் போட்டிருக்கிறது. பட்டியலில் உள்ள பெயர் ஜி.டி. 730. முதல் கடைக்காரர் எடுத்து வைத்தாரே, அதே கார்டு. 144 ஃப்ரேமுக்கு மேல் வேண்டுமென்றால் 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. அந்தக் கார்டு மாடிப்படியில் நாங்கள் ஏறியிருக்கவே வேண்டியதில்லை. 5600ஜி, ஜோடியாக ரேம், நல்ல எஸ்.எம்.பி.எஸ்., வலை போட்ட கேபினட், ஒரு மானிட்டர்: அக்கா கொடுத்த 50,000-க்குள் எல்லாம் அடங்கி, ரெண்டு பிளேட் பிரியாணிக்கும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே, என்னைப் போல் 81,000 செலவழிக்க விருப்பம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்குக் கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டு எடுங்கள். பையன் நிஜமாக ஆடுகிற ஆட்டத்தின் பெயரை மேலே எழுதச் சொல்லுங்கள். அந்த ஆட்டம் கேட்கிற கார்டை அதற்குக் கீழே எழுதுங்கள். மற்ற பாகங்களை அந்தக் கார்டுக்குத் தக்கபடி எழுதுங்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் மானிட்டருக்கும் தனித்தனி வரி விடுங்கள். விளக்குக்கு வரி வேண்டாம், மீந்த சில்லறை போதும். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெட்ரோ ஏறுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒயரைக் கார்டில் செருகுங்கள்.