வேனுக்கு மூளை மாற்றிய வைபவம்

மோட்டார் வாகனம் வைத்திருப்பவனுக்கு அதை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சர்க்காரின் நிபந்தனை. அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் சமூகத்தின் நிபந்தனை. முன்னதை ஒரு லைசென்ஸ் வாங்கி நிறைவேற்றிவிடலாம். பின்னதற்கோ, தலையைச் சற்றே சாய்த்து, கண்களைப் பாதி மூடி, என்ஜின் போடும் சத்தத்தைக் கச்சேரி கேட்கும் ரசிகனைப்போல் சிறிது நேரம் கேட்டுவிட்டு, “டைமிங் தள்ளியிருக்கிறது” என்றோ, “நாஸில் ஒழுகுகிறது” என்றோ நிதானமாக மொழியவேண்டும். சொன்னது பொய்த்துப்போனாலும் பாதகமில்லை. சொன்ன தோரணையே கௌரவத்தைக் காப்பாற்றிவிடும். என் தகப்பனார் காலத்து டீசல் லாரிகள் இந்தக் கலைக்கு மிகவும் அனுகூலமானவை. பாட்டரி செத்துக் கிடந்தாலும் நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். பம்பு தானாகவே டீசலை அளந்து ஊற்றும். நிறுத்துவதற்கு ஒரு கம்பியை இழுத்தால் போதும். அப்படி ஒளிவுமறைவில்லாமல் வாழ்ந்த யந்திரத்தைப் பற்றி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அபிப்பிராயம் சொல்லும் பாத்தியதை இருந்தது.

அந்தப் பரம்பரைப் பாத்தியதையை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது ஒரு சிறிய அலுமினியப் பெட்டி. ஈசிஎம் என்று மெக்கானிக்குகள் அதைச் சொல்வார்கள். என்ஜினுக்கு வாய்த்த கம்ப்யூட்டர் அது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு கடுமையானதன் விளைவாக, 1981-ஆம் ஆண்டிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே விற்ற பெட்ரோல் கார்களிலெல்லாம் கம்ப்யூட்டரைக் குடியேற்றிவிட்டது. டீசல் என்ஜின் மாத்திரம் இன்னும் கொஞ்ச காலம் சுதந்திரமாகக் கரும்புகை விட்டுக்கொண்டிருந்தது. 1995-இல் ஜப்பானில் ஒரு ஹினோ லாரியிலும், 1997-இல் இத்தாலியில் ஆல்ஃபா ரோமியோ காரிலும் ‘காமன் ரெயில்’ என்னும் ஏற்பாடு வந்து சேர்ந்தபிறகு அந்தச் சுதந்திரமும் முடிந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் விதிகள் படிப்படியாக இறுகி, நான்காம் ஸ்டேஜ் 2017 ஏப்ரலில் தேசம் முழுவதற்கும் அமலானபோது, பெட்டியில்லாத டீசல் வண்டியைப் புதிதாக வாங்குவதென்பது ஏறக்குறைய இயலாத காரியமாகிவிட்டது.

இந்தப் பெட்டியின் உத்தியோகம் சாமானியமானதன்று. வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1,300 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் நெருக்கிவைத்த டீசலை, விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே திறந்து மூடும் இன்ஜெக்டரின் வழியாக, எந்தக் கணத்தில், எவ்வளவு பீச்சவேண்டும் என்று அது இடைவிடாமல் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. என்ஜின் எந்த நிலையில் சுழல்கிறது என்பதை அது அறிந்துகொள்ளும் விதமோ அதனினும் விநோதம். பல வண்டிகளில் 60 பற்களுக்கு இடமுள்ள ஒரு சக்கரத்தை வைத்து, அதில் இரண்டு பற்களை இல்லாமலே விட்டிருக்கிறார்கள். மீதி 58 பற்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போக, அந்தப் பொக்கை வரும்போதுதான் பெட்டிக்கு இடம் விளங்குகிறது. பல் போனவர்களுக்குத்தான் விவேகம் அதிகம் என்று எங்கள் பாட்டி சொல்லிவந்ததற்கு விஞ்ஞானத்தில் இப்படியோர் ஆதாரம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கும் என் மைத்துனனுக்கும் பொதுச்சொத்தாக ஈரோட்டில் இருக்கும் பழைய வேனில் இந்தப் பெட்டிதான் புத்தி பேதலிக்கத் தொடங்கியது. கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவது மைத்துனனின் தொழிலாகையால், அண்டாவும் குண்டாவுமாக நிறைந்த அந்த வேன் விடியற்காலையில் குதூகலமாகப் புறப்படும். உச்சி வெயில் ஏறியதும், பவானிப் பாலமோ பெருந்துறைச் சாலையோ, இருந்த இடத்திலேயே மௌன விரதம் பூண்டுவிடும். அரைமணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால், நடந்ததற்கும் தனக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லாததுபோல் மறுபடியும் ஓடும். மாலையின் குளிர்ச்சியில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனபோதெல்லாம் அது மாப்பிள்ளை பார்க்க வந்த வீட்டுப் பெண்ணைப்போல் அடக்க ஒடுக்கமாக நடந்துகொண்டது. டீசலில் கலப்படம் என்றான் மைத்துனன்; திருஷ்டி என்றாள் அவனுடைய தமக்கை, அதாவது என் மனைவி. நான் வழக்கப்படி தலையைச் சாய்த்துக் கேட்டேன். என்ன பிரயோஜனம்? கெட்டுப்போன கம்ப்யூட்டர் எந்தச் சத்தமும் போடுவதில்லை.

முதலில் பார்த்த பட்டறைக்காரர் ஸ்கேனரைச் சொருகி, அதில் தெரிந்த குற்றப்பட்டியலை அப்படியே நம்பி, கிராங்க் சென்சார், ரெயில் பிரஷர் சென்சார், ஆக்ஸிலேட்டர் மிதியின் சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தார். இவ்விடத்தில்தான் நியாய சாஸ்திரத்துக்கே சவாலான ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதுவது யார்? அதே ஈசிஎம். எவன்மீது சந்தேகமோ அவனையே சாட்சிக்கூண்டில் ஏற்றி, யார் யார் குற்றவாளிகள் என்று அவனிடமே கேட்டு எழுதிக்கொண்டால், அவன் தன்னைத் தவிர ஊரிலுள்ள அத்தனை பேரையும் காட்டிக்கொடுப்பதில் ஆச்சரியம் என்ன?

இரண்டாவதாக வாய்த்த மெக்கானிக் பேச்சுக் குறைந்தவர். பட்டியலைப் பார்த்ததும் மெல்லச் சிரித்து, “இத்தனை சென்சாரும் ஒரே நாள்ல சாகாதுங்க சார். எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற அஞ்சு வோல்ட் எங்கியாச்சும் படுத்திருக்கோணும், இல்லாட்டி எர்த் போயிருக்கோணும். ரெண்டையும் பாத்துட்டுத்தான் பெட்டி மேல கைய வெக்கோணும்” என்றார். அந்த மூன்று வாக்கியங்களில் அடங்கியிருந்த ஞானத்தைப் பிற்பாடுதான் நான் பூரணமாக உணர்ந்தேன். பெரும்பாலான சென்சார்கள் பெட்டி கொடுக்கும் ஐந்து வோல்ட்டையே பங்கிட்டுக்கொண்டு ஜீவிப்பவை. எங்கோ ஒரு ஒயர் தோலுரிந்து பாடியில் பட்டால், சம்பந்தமே இல்லாத சென்சார்களும் சேர்ந்து உளறத் தொடங்கும். என்ஜினுக்கும் சேஸிக்கும் நடுவே போகும் எர்த் பட்டை துருவேறிப்போனாலும் இதே கூத்துதான். குற்றமற்ற பெட்டிகள் எத்தனையோ இந்த இரண்டு காரணங்களால் தண்டனை பெற்றுக் கழற்றி எறியப்படுகின்றன என்பது அவருடைய சித்தாந்தம்.

ஐந்து வோல்ட் சரியாக இருந்தது, எர்த் பட்டையையும் புதிதாகப் போட்டாயிற்று, வியாதி தீரவில்லை. அப்புறந்தான் அவர் பக்கத்து அழகு நிலையத்துக்கு ஆள் அனுப்பி, தலைமுடி உலர்த்தும் கருவியை இரவல் வாங்கிவரச் செய்தார். ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் ஈசிஎம்மைக் கழற்றாமலே அதன்மீது உஷ்ணக் காற்றை வீச, சிறிது நேரத்தில் என்ஜின் நின்றது. ஆறவிட்டுக் கிளப்பினார்; ஓடியது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பெட்டியின் ஒரு மூலையில் இலேசாகத் தட்டினார், விக்கி நின்றது. பல வருஷத்து வெப்பத்திலும் அதிர்ச்சியிலும் உள்ளே பற்றவைப்பு எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் கண்டிருக்கிறது என்பது இவ்வாறு ருசுவாயிற்று. பிரித்துப் பற்றவைக்கலாகாதா என்றேன். மூடியைப் பசையால் ஒட்டி, உள்ளே பலகை முழுவதும் பாகுபோன்ற ஜெல்லைப் பூசி அடைத்திருப்பதால், பிரிப்பதற்குள் மிச்சமுள்ள உயிரும் போய்விடும் என்றார்.

புதுப்பெட்டியின் விலையைக் கேட்ட மைத்துனன், “மாமா, அந்தப் பணத்துக்கு வேனையே வித்துட்டு மாட்டு வண்டி வாங்கிடலாம்” என்றான். ஆகவே பழைய வண்டிகள் அங்கம் அங்கமாகப் பிரிந்து மோட்சம் அடையும் சென்னைப் புதுப்பேட்டைக்குச் சொல்லியனுப்பி, மேலே ஒட்டிய சீட்டில் எண்ணும் எழுத்தும் அட்சரம் பிசகாமல் பொருந்தும் பெட்டி ஒன்றை வரவழைத்தோம். பாட்டரியைக் கழற்றிவிட்டுக் கப்ளரைச் சொருகிப் பூட்டியபின், சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்ததேயன்றி என்ஜின் பிடிக்கவில்லை.

பெரிய புராணத்தில் திருமூலர் கதையைப் படித்தவர்களுக்கு இதன் தாத்பரியம் எளிதில் விளங்கும். சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்துகிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைக் கண்டு இரங்கிய சிவயோகியார் அவன் உடலில் புகுந்து எழுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன, சாயங்காலம் மூலனுடைய மனைவி அருகே வந்தபோதோ, உனக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை என்று அவர் விலகிவிட்டார். புதுப்பேட்டையிலிருந்து வந்த பெட்டியும் அப்படியே, இன்ஜெக்டர், பம்பு முதலான மந்தையை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது; எங்கள் சாவியை மாத்திரம் யாரோ பரஸ்திரீயைப்போல் பாவித்து ஒதுக்கிவிட்டது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒளிந்திருக்கும் சில்லு சொல்லும் ரகசியம், பெட்டியின் ஞாபகத்திலுள்ள ரகசியத்தோடு ஒத்தாலன்றி டீசல் பீச்சப்படாதாம்.

இதற்குப் பரிகாரம் செய்யக் கோயமுத்தூரிலிருந்து ஒரு வாலிபன் லேப்டாப்புடன் வந்தான். என்னை “அங்கிள்” என்று விளித்து ஒரே சொல்லில் ஓரங்கட்டிவிட்டு, மரண தசையிலிருந்த பழைய பெட்டியை மேஜைமேல் கிடத்தி, அதன் ஞாபகம் முழுவதையும் பிரதி எடுத்து, வந்த பெட்டியில் எழுதினான். சாவியின் ரகசியம், வண்டியின் சேஸி நம்பர், இவற்றோடு ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் பிறவியிலேயே பொறித்த சங்கேத எழுத்துக்களும் அதில் அடக்கம். எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் இரண்டு இன்ஜெக்டர்கள் ஒரே அளவாய் டீசல் விடுவதில்லையாதலால், யார் தாராளம், யார் கருமி என்பதைப் பெட்டி அறிந்து அனுசரித்துப் போகவேண்டியிருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் மாமியார்களுக்கு வேண்டிய அதே விவேகந்தான். இம்முறை சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்தது. அன்றுமுதல் அக்கினி நட்சத்திரத்திலும் வேன் நிற்காமல் ஓடுகிறது.

ஆனாலும் என் நஷ்டம் ஈடாகவில்லை என்றே கொஞ்ச காலம் மறுகிக்கொண்டிருந்தேன். காதால் கேட்டுக் கண்டுபிடிக்க ஏதுமில்லாத யந்திரத்தைப் பற்றி மனிதன் எப்படித்தான் அபிப்பிராயம் சொல்வது? அப்போது எனக்குக் கைகொடுத்தது மெக்கானிக்கின் திருவாக்கு. இப்போதெல்லாம் யாருடைய வண்டி எங்கே நின்றாலும் நான் மெதுவாக அருகில் சென்று, சென்சார் என்றும் ஈசிஎம் என்றும் அவர்கள் பதறி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “எர்த் பார்த்தாச்சா?” என்று ஒரு கேள்விதான் கேட்கிறேன். பெரும்பாலும் பார்த்திருக்கமாட்டார்கள், பார்த்தவர்களும் சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி குனிகிறார்கள். கேள்வியின் கீர்த்தி வாகனங்களைக் கடந்தும் பரவிவிட்டது. போன வாரம் எதிர்வீட்டுக் கிரைண்டர் ஷாக் அடிக்கிறதென்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். எலக்ட்ரீஷியனுக்கு அப்புறம்தான் ஆள் போயிற்று.