கட்டாய ஓய்வு

தேகாரோக்கியத்தில் எங்கள் வீட்டுக் கணினி இவ்வீட்டு மனிதர் எவருக்கும் சளைத்ததன்று. ஸ்பேஸ் பாரில் என் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் ஒரு பளபளப்பு ஏறியிருக்கிறதே தவிர, மூப்பின் சின்னம் வேறெதுவும் அதன் மேனியில் இல்லை. அப்பேர்ப்பட்டதற்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பணிக்காலம் முடிந்தது. 2015-இல் பிரவேசித்த விண்டோஸ் 10-க்கு இனி இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வாரா. பெட்டி ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இரார்.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அம்சமும், இன்டெல் வம்சமாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராஸசரும் வேண்டுமாம். எங்களுடையது ஏழாம் தலைமுறை. ஒரு தலைமுறை முந்திப் பிறந்த குற்றத்துக்குப் பிராயச்சித்தம் கிடையாது.

சர்க்கார் உத்தியோகத்திலாவது கொஞ்சம் தாட்சண்யம் உண்டு. 58 வயதில் ஓய்வு என்றிருந்ததைத் தமிழ்நாடு அரசு 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்திற்று. இங்கேயும் பணி நீட்டிப்பு இல்லாமலில்லை: ஓராண்டுக்கு 30 டாலர், அல்லது 1,000 வெகுமதிப் புள்ளிகள், அதுவும் இல்லையேல் கணினியின் அமைப்புகளை நிறுவனத்தாரின் கிளவுடில் ஒப்படைத்துவிட்டால் இலவசம். நீட்டிப்புக் காலத்தில் ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பதை நாம் அறிவோம். தன் ஊழியன் தன் வீட்டில் வேலை செய்வதற்காக எஜமானன் மூன்றாம் மனிதருக்குக் கப்பம் கட்டுவது கலியுகத்தின் விசேஷம்.

லினக்ஸை ஏற்றினால் இதே பெட்டி இன்னும் பல்லாண்டு உழைக்கும் என்றான் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன். வாஸ்தவம்தான், ஆனால் நான் கணக்கெழுதும் மென்பொருள் அதில் ஓடாது என்பதையும் அவனே சொன்னான். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். கடைத் தம்பி பத்து நிமிஷம் பரிசோதித்தான்.

"புதுசு வாங்கிடுங்க சார். இதுக்கு எக்ஸ்சேஞ்சுல ஆயிரம் ரூபா தரேன், ஸ்கிராப்புக்கு."

"இதில் என்னப்பா கோளாறு?"

"கோளாறே இல்ல சார்."

"சரி, புதியது எத்தனை வருஷம் உழைக்கும்?"

"மெஷினா சார்? அது பாட்டுக்கு ஓடும். எதுவரைக்கும் ஓடலாம்னு அவங்கதான் சொல்லணும்."