சதவீதக் கிறுக்கு

தீவன மூட்டையைப் பார்த்ததும் விலை கேட்பவர்கள் உண்டு. நான் புரதம் எத்தனை சதவீதம் என்று கேட்கிற ஜாதி. விலையைச் சதவீதத்தால் வகுத்து, எது மலிவோ அதை வெண்பன்றிக் குட்டிகளுக்குப் போடுவேன். மறுநாள் கொட்டகையைக் கழுவுவேன்.

பால் மறந்த குட்டிக்குத் தீவனத்தில் 20 சதவீதப் புரதமாவது வேண்டும். கருவாட்டுத் தூள், பால் பவுடர் விலையைக் கேட்டால் எனக்கு நெஞ்சு வலிக்கும். ஆகவே சோயா. புண்ணாக்கு எதற்கு, பயறாகவே வாங்கினால் எண்ணெயும் இலவசம் என்று மாவு மில்லுக்குத் தூக்கிப் போனேன். "வறுக்கலையா?" என்றார் மில்காரர். விறகு மிச்சம் என்றேன், பெருமையாக. பச்சைச் சோயாவில் டிரிப்சின் தடுப்பான் உண்டு. புரதத்தைச் செரிக்கவைக்கும் நொதியை அது கட்டிப்போட்டுவிடும். சூடுபட்டால் அது அடங்கும். என் குட்டிகளுக்குச் செரிக்காத புரதம் குடலில் நொதித்து, கழிச்சலாக வந்தது.

அடுத்து கடலைப் புண்ணாக்கு. 45 சதவீதம் வரை புரதம்! ஆனால் லைசின் என்கிற அமினோ அமிலம் சோயாப் புண்ணாக்கில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். நால்வர் தூக்கும் பல்லக்குக்கு மூவர் வந்து நின்ற கதை. குட்டிகள் தின்றன, வளரவில்லை. மழையில் மூட்டை பூஞ்சை பிடித்தது. அதில் ஊறும் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும் என்றார் மாட்டு டாக்டர். மேலாகத் தட்டிவிட்டுப் போடலாமா என்று கேட்டேன். அவர் பேசாமல் பையை மூடினார்.

பிறகு அசோலா என்கிற நீர்ப்பெரணி. காய்ந்த எடையில் சுமார் 25 சதவீதம். 'காய்ந்த' என்பதை என் கண் தாண்டிவிட்டது. பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மனைவிதான் கணக்குப் போட்டாள்: கிலோவுக்கு 20 கிராம் புரதம் தேறினாலே அதிகம், நாளுக்கு 100 கிராம் வேண்டிய பத்துக் கிலோ குட்டி ஐந்து கிலோ தின்ன வேண்டும். "பாதி உடம்பை எங்கே வெச்சுக்கும்?"

கடைசியில் டாக்டர் சொன்னபடி நடந்தேன். பதமாகச் சூடுபட்ட சோயாப் புண்ணாக்கைக் கொஞ்சமாகத் தொடங்கி, வாரம் போகப் போக ஏற்றினேன். கிளைசினின் போன்ற சோயாப் புரதங்களை இளங்குடல் எடுத்த எடுப்பில் ஏற்காது. குடல் உறிஞ்சிகள் சுருங்கிவிடும். கூடவே கொஞ்சம் கருவாட்டுத் தூள், லைசின் பொடி. கழிச்சல் குறைந்தது. மருந்துச் செலவில் மிஞ்சியதே கருவாட்டுக்குப் போதும் என்று நோட்டைக் காட்டினாள் மனைவி.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்தார். "தம்பி, கொள்ளு மலிவாக் கிடைக்குது, குட்டிக்குப் போடலாமா?" கொள்ளிலும் அதே தடுப்பான் உண்டு, வேகவைக்காமல் போடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன், பிற்பாடு. முதலில் வாயில் வந்தது, "புரதம் எத்தனை சதவீதம்ணே?"