எத்தனை ஜிபி சார்?

கேமிங் கம்ப்யூட்டருக்குக் குறைந்த செலவில் கிராபிக்ஸ் கார்டு வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குள் நுழைகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிபி?" எவர்சில்வர் கடையில் எடை கேட்பது மாதிரி. "நாலு ஜிபி சார்" என்று ஜிடி 730-ஐ எடுத்து நீட்டினால் பரம திருப்தி. அது 2014-இல் வந்த சரக்கு என்பதை யாரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

கார்டைத் தயாரிக்கும் என்விடியாவும் லேசுப்பட்டதல்ல. 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு ஜிடி 1030 வந்தது. மறு வருஷமே டிடிஆர்4 போட்டு இன்னொன்று. மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெயர் மட்டும் அதே ஜிடி 1030. ஆர்டிஎக்ஸ் 3060-இலும் 12 ஜிபி ஒன்று, 8 ஜிபி ஒன்று. குறைந்தது ஜிபி மட்டுமல்ல, மெமரி பஸ் அகலமும் 192 பிட்டிலிருந்து 128-க்கு. பெயரைக் குறைக்கத்தான் மனசு வரவில்லை போலும்.

செகண்ட் ஹேண்டில் தேடினால், 2022 செப்டம்பரில் ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றதும் வேலையிழந்த கார்டுகள் உண்டு. விற்பவர் எல்லோருமே சொல்வது: "வீட்டுப் பையன் ஞாயித்துக்கிழமை மட்டும் விளையாடினது சார்."

இத்தனையும் தாண்டி நல்ல கார்டையே வாங்கி மாட்டி, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகிவிட்டு "ஒண்ணும் வேகமாகலையே" என்பவர்களும் இருக்கிறார்கள். கேபிளைக் கார்டில் சொருகுங்கள், சார்.