இதை மட்டும் அப்பா ஒட்டிடறேன்

பிரிட்டனில் நாற்பதைத் தாண்டிய அப்பாக்களில் ஒரு ரகம் உண்டு. அலுவலகத்தில் பரம சாது, வீட்டில் குரலை உயர்த்தாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஓர் ஏர்ஃபிக்ஸ் மாடல் கிட் பெட்டியை வைத்தாரோ இல்லையோ, ஆளே மாறிவிடுவார். பெட்டிக்குள் இரண்டாம் உலகப்போர்க் கால ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்று, 72-இல் ஒரு பங்கு அளவில், துண்டு துண்டாகக் கிடக்கிறது. இந்த அளவில் ஆறடி விமானி ஒருவர் ஓர் அங்குலம்தான் இருப்பார். அந்த ஓர் அங்குல மனிதரின் இருக்கைப் பட்டை என்ன நிறம் என்று பார்க்க அப்பாவிடம் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. எதிரே எட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. கிட் பிள்ளைக்காக வாங்கியது. மனைவியிடம் சொன்ன காரணம் அதுதான். அலமாரியின்மேல் பிரிக்காமல் அடுக்கியிருக்கும் பெட்டிகள் ஒவ்வொன்றும் வீட்டுக்குள் நுழைந்தபோது சொன்ன காரணமும் அதுதான். "ரெண்டு பேரும் சேர்ந்து செய்கிறோம்" என்கிறார். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை நறுக்குவது, பிசிறைத் தேய்ப்பது, ஒட்டுவது, வண்ணம் தீட்டுவது எல்லாம் அப்பாவின் பொறுப்பு. டார்ச் பிடிப்பது, டீகால் என்ற ஒட்டுப்படத்தைத் தண்ணீரில் போட்டு முப்பது வரை எண்ணுவது, கம்பளத்தில் விழுந்து தொலைந்த கடுகளவு பாகத்தைத் தேடி எடுப்பது பிள்ளையின் பொறுப்பு. கடைசி வேலையில் பிள்ளைக்கு நிகர் யாருமில்லை என்பதை மட்டும் அப்பா மனமார ஒப்புக்கொள்வார்.

இவரைப் பழிக்க வேண்டியதில்லை. தான் ரசித்த ஒன்றைத் தன் பிள்ளையும் ரசிக்க வேண்டும் என்று நினைப்பது நல்ல ஆசைதான். ஆனால் பகிர்ந்துகொள்வதாக நினைத்துக்கொண்டு இவர் செய்வது பறிமுதல். அதற்கான சாட்சி இவருடைய பொழுதுபோக்கின் சரித்திரத்திலேயே இருக்கிறது. நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் 1939-இல் லண்டனில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளையும் பிறகு சீப்புகளையும் செய்து விற்றது. 1952-இல் ஆங்கிலேய மாலுமி டிரேக்கின் கோல்டன் ஹைண்ட் கப்பலைப் பாகங்களாக்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. சிறுவர்களின் கைச்செலவுக் காசுக்கு எட்டுகிற விலை. பின்னாலேயே ஸ்பிட்ஃபயர் வந்தது, இன்னும் பல விமானங்கள் வந்தன. அவற்றை வாங்கிய பையன்கள் தங்கள் அறையில், தனியாக, யார் மேற்பார்வையும் இல்லாமல் ஒட்டினார்கள். காக்பிட் கண்ணாடியில் பசைக் கைரேகை பதிந்தது. சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்த்தன. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஒட்டும் அந்தப் பசை உண்மையில் பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பது. கொஞ்சம் தாராளமாகப் போனால் இறக்கையே உருகிவிடும். உருகியது. அடுத்ததில் குறைவாக உருகியது. இன்றைய அப்பாவும் சின்ன வயதில் இப்படித்தான் கற்றுக்கொண்டார். அன்றைக்கு அவருடைய அப்பா பக்கத்து அறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் செய்த மாபெரும் உதவி, எட்டிப் பார்க்காமல் இருந்ததுதான்.

இந்தப் பறிமுதல் புதிய வழக்கமும் அல்ல. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1911-இல் தரையில் விளையாடும் விளையாட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தன் இரண்டு மகன்களோடு கட்டைகளையும் பொம்மைகளையும் வைத்துத் தீவுகளும் நகரங்களும் அமைத்த கதை அது. இரண்டே வருடம் கழித்து, 1913-இல், பொம்மைப் போர்வீரர்களைப் பற்றிய அடுத்த புத்தகம் வந்தது. அதில் நடுவயதுக் கனவான்கள் தரையில் மண்டியிட்டு ஒருவர் படையை ஒருவர் சுருள்வில் பொம்மைப் பீரங்கியால் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூடவே விதிமுறைகளும் நீள்கின்றன. பிள்ளைகளின் தரை எப்படிப் பெரியவர்கள் கைக்குப் போயிற்று என்று வெல்ஸிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. நூறு வருடம் கழித்து ஹாலிவுட் கேட்டது. 2014-இல் வந்த 'லெகோ மூவி'யில் உலகத்தையே அசையாமல் உறைய வைக்கும் பயங்கர ஆயுதம் ஒரு பசைக்குழாய். அதை உண்மையில் கையில் வைத்திருப்பவர் மகன் தொட்டுவிடாதபடி எல்லாவற்றையும் ஒட்டிவைக்க நினைக்கும் அப்பா. தியேட்டரில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பாக்கள் பாப்கார்ன் பொட்டலத்துக்குள் எதையோ தேடியிருக்க வேண்டும்.

நிறத்தில்தான் இவரது உண்மைச் சொரூபம் தெரியும். மகள் ஸ்பிட்ஃபயருக்கு இளஞ்சிவப்பு அடிக்கவேண்டும் என்கிறாள். அப்பா முகம் வெளிறுகிறது. ஆனால் அவர் படித்தவர். உளவுப் படம் எடுக்கத் தாழப் பறந்த சில ஸ்பிட்ஃபயர்களுக்கு, மேகத்தோடும் விடியற்கால வானத்தோடும் கலந்து மறைவதற்காகப் பிரிட்டிஷ் விமானப்படையே இளஞ்சிவப்பு அடித்தது அவருக்குத் தெரியும். மகளுடைய ஆசையும் சரித்திரமும் இப்படிக் கைகோப்பது அபூர்வம். வேறொருவராக இருந்தால் தூரிகையைக் கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போயிருப்பார். இவரோ, "ஆனால் இந்த இளஞ்சிவப்பு இல்லையம்மா" என்று ஆரம்பிக்கிறார். அது வெள்ளையோடு மிகச் சிறிது சிவப்பு கலந்த வெளிறிய நிறமாம். அதைக் கலக்க 14 மில்லி ஹம்ப்ரோல் டப்பாக்கள் நாலைந்து திறக்கின்றன. சொட்டுச் சொட்டாக விட்டுக் கலந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி ஒரு சொட்டு விடுகிறார். சரியான நிறம் கிடைத்து நிமிரும்போது எதிர் நாற்காலி காலி. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை" என்கிறார்.

இந்தப் பொறுமைக் குற்றச்சாட்டைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். கைபேசி வந்து குழந்தைகளின் பொறுமையைக் கெடுத்துவிட்டது என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பொறுமை என்பது தன் கையில் இருக்கிற வேலையின் மேல் வருவது. அடுத்தவர் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பெரியவர்களுக்கே பொறுமை கிடையாது. 2009-இல் தொகுப்பாளர் ஜேம்ஸ் மே தொலைக்காட்சிக்காக நிஜ அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் கிட் செய்தபோது, காஸ்ஃபோர்டு விமான அருங்காட்சியகத்தில் அதைக் கோக்கும் வேலைக்குப் பள்ளி மாணவர்களைத்தான் இறக்கினார். ஆள் உயரத்துக்கு மேற்பட்ட பாகங்களைச் சட்டத்திலிருந்து பிரித்துத் தூக்கினார்கள். அங்கே யாரும் டார்ச் மட்டும் பிடிக்கவில்லை.

கத்தியும் கரைப்பானும் ஆபத்து என்பது நியாயமான ஆட்சேபம். கூரான கத்தியை எட்டு வயதுக் கையில் கொடுக்கச் சொல்ல மாட்டேன். பசைக்கு ஜன்னலைத் திறந்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் தொழிற்சாலைகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. ஜப்பானில் பண்டாய் நிறுவனம் 1980-இல் 300 யென்னுக்குக் கன்டம் ரோபோ கிட்டைக் கொண்டுவந்தது. பிற்பாடு பசையே இல்லாமல் அழுத்திப் பொருத்துவது போலவும், பாகங்கள் நிறத்தோடே வருவது போலவும் மாற்றியது. ஏர்ஃபிக்ஸே பசையும் வண்ணமும் வேண்டாத, கட்டைகள் போலக் கோத்துச் செய்யும் விமானங்களை விற்கிறது. இவற்றைக் காட்டினால் அப்பாவின் உதடு ஒரு பக்கமாகச் சுழிக்கும். "அது பொம்மை." ஆபத்து இல்லாத கிட் என்றால் அவருக்கும் அதில் வேலை இல்லை என்று அர்த்தம். பாதுகாப்பு பற்றிய கவலை அந்த இடத்தில் கொஞ்சம் நிறம் மாறுகிறது.

விலை உயர்ந்த கிட் பாழாகிவிடும் என்பதற்குப் பதில் சொல்லவே வேண்டாம், மலிவானதை வாங்கலாம். கனமான ஆட்சேபம் வேறு. "நான் செய்கிறேன், பிள்ளை பக்கத்தில் இருக்கிறது, பேசிக்கொள்கிறோம், அதுவே போதாதா?" என்று அப்பா கேட்டால் சட்டென்று மறுக்க முடியாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அந்தப் பேச்சைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டால்தான் சந்தேகம் வருகிறது. "தொடாதே." "ஆடாதே, மேசை ஆடுகிறது." "இதை மட்டும் அப்பா ஒட்டிடறேன்." நவம்பரில் டெல்ஃபோர்டில் கூடும் மாடல் கண்காட்சியில், ஆசிரியர்களும் பொறியாளர்களும் ஓய்வுபெற்ற விமானப்படையினரும் ஒருவர் செய்ததை ஒருவர் மூக்கு உரசப் பார்த்து ரசிக்கிறார்கள். அங்கேகூட அடுத்தவர் மாடலைத் தொடக்கூடாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் மாடல் இருக்கிறது. தோழமை அதனால்தான் சாத்தியமாகிறது.

ஆக, தீர்வு எளிது: மேசை ஒன்று, கிட் இரண்டு. பிள்ளையின் கிட்டில் கத்தி வேலை தவிர வேறெதிலும் அப்பாவின் விரல் படக்கூடாது. கேட்டால் மட்டும் சொல்லலாம். இப்படிச் செய்தால் பிள்ளையின் விமானம் மாலைக்குள் முடிந்துவிடும். அப்பாவுடையதில் இடுக்குகளை அடைத்த பூச்சு காயவே மறுநாள் ஆகும். இறக்கைக்குக் கீழே பூசவேண்டிய நிறம் 1940 ஜூனுக்கு முந்தியதா பிந்தியதா என்ற கேள்வியில் மாதங்கள் ஓடும். பிள்ளையின் விமானம் அதற்குள் மாடிப்படியில் பறந்து, சோபாவில் இறங்கி, நாலாம் நாள் ஒரு சக்கரத்தை இழந்திருக்கும். பழைய கிட்டுகளில் மிஞ்சியதையெல்லாம் அப்பா ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை வந்து கேட்கும். அப்பா டப்பாவைத் திறந்து, ஒரு சக்கரத்தைக் குறட்டால் எடுத்து, விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "இது மார்க் ஒன்பதோட சக்கரம் கண்ணா. உன்னுது மார்க் ஒன்று."