வட்டத்துக்குள் அகப்பட்டவர்

தமிழ் எழுத்தாளருக்கு வாசகர் இல்லாமல் இருப்பது நன்றாகப் பழகிப்போன விஷயம். அதற்கென்று ஒரு முகபாவம் உண்டு, ஒரு தோரணை உண்டு, மேடையில் சொல்ல நாலு வாக்கியமும் உண்டு. புதுமைப்பித்தன் 1948-ல் வறுமையில் செத்ததில் ஆரம்பித்து, தன் நாவல் 300 பிரதிகூடப் போகாததில் கொண்டுவந்து முடித்தால் போதும், இலக்கியக் கூட்டம் உருகிவிடும். சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ தொடங்கியபோது 2,000 பிரதிக்கு மேல் அச்சிடமாட்டேன் என்று முன்கூட்டியே அறிவித்தார். அதைக் கேட்டு யாரும் கடைவாசலில் முண்டியடிக்கவில்லை. பிறகு அவரே புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இந்தப் பரம்பரையில் வந்த ஒருவருக்குத் திடீரென்று ரசிகர்கள் முளைத்துவிட்டால், பாவம், கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே அவருக்குத் தெரியாது.

நம்மவர் அப்படி ஒருவர். பெயர் வேண்டாம். ஒருவர் பெயரைச் சொன்னால், தங்களைச் சொல்லவில்லையே என்று மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, முப்பது வருடச் சிற்றிதழ் வாழ்க்கை, ஆறு நாவல், சர்க்கரை வியாதி. பேட்டி என்று யார் வந்தாலும், “நான் நாலு பேருக்காகத்தான் எழுதுகிறேன்” என்பார். அது தன்னடக்கமல்ல, துல்லியமான கணக்கு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தவர். இன்னொருவர் எதிர் முகாமிலிருந்து குறை கண்டுபிடிப்பதற்காகவே படித்தவர். மூன்றாமவர் பதிப்பாளர், அவர் படித்தாரா என்பதில் சந்தேகம் உண்டு. நாலாமவர் காலமாகிவிட்டார்.

கொரோனா ஊரடங்கில் மென்பொருள் கம்பெனிப் பையன் ஒருவன் அவருடைய மூன்றாவது நாவலைப் பற்றி யூடியூபில் இருபது நிமிடம் கண்கலங்கப் பேசினான். அங்கேதான் வினை ஆரம்பித்தது. அடுத்த வாரம் ஒரு போன்.

“சார், நான் உங்க தீவிர வாசகன் பேசுறேன்.”

நம்மவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “யாரு தம்பி உங்களைப் பேசச் சொன்னது?”

எதிர் முகாமின் வேலை என்றே நினைத்தார். அது அப்படியில்லை என்று தெரிந்தபின் வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. “புரிஞ்சுதா?” என்று கேட்டதற்கு, அந்தப் பையன் “நல்லா புரிஞ்சுது சார்” என்று சொல்லித் தொலைத்துவிட்டான். முப்பது வருடமாகக் கட்டிக் காத்தது இப்படி ஒரே போனில் புரிந்துவிட்டதே என்று அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டுக் கேட்டார். “மூணாவது தடவை படிக்கும்போதுதான் சார்” என்று பதில் வந்தது. அப்புறம்தான் ஜீரணமானது.

எல்லோரும் இப்படி என்று சொல்லமாட்டேன். சிலருக்கு ரசிகர் கூட்டம் உடம்போடு ஒட்டிப் பிறந்தது. ஜெயகாந்தன் வீட்டு மாடியில் கூடிய சபையைப் பற்றி, போய்வந்தவர்கள் இன்றைக்கும் மெய்சிலிர்த்துப் பேசுகிறார்கள். அவர் பேசுவார், அவர்கள் கேட்பார்கள்; அதில் இரு தரப்புக்கும் குழப்பமே இருந்ததில்லை. சலவைக் கணக்கு எழுதிக் கொடுத்தாலும் பத்திரிகைக்காரர்கள் போட்டுவிடுவார்கள் என்று சுஜாதாவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவர்களெல்லாம் வாலிபத்திலேயே அம்மை வார்த்துக்கொண்டவர்கள். நம்மவருக்கோ அறுபதுக்கு மேல் வந்தது. உடம்பு தாங்கவேண்டாமா?

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்து பாருங்கள், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு. முன்பெல்லாம் நம்மவர் மத்தியானம், கூட்டம் இல்லாத வேளையில், துணிப்பையோடு வருவார். பதிப்பாளரின் கடையில் தன் நாவல் முதுகைக் காட்டி நிற்பதைப் பார்த்து, யாரும் கவனிக்காதபோது எடுத்து அடுத்தவர் நாவலின்மேல் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, 10 சதவீதக் கழிவில் அகராதி எதையாவது வாங்கிக்கொண்டு போவார். இப்போது அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் வாசகருக்காகக் காத்திருப்பது மாதிரி ஆகிவிடும் என்று உட்காரமாட்டார். எதிர்க்கடையில் மூலிகை மருத்துவப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் விளிம்புக்கு மேலாகத் தன் கடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எவனாவது அவர் புத்தகத்தைக் கையில் எடுத்தால் மூலிகைப் பக்கம் புரளாது. “ஐயா, நீங்கதானே...” என்று யாராவது நெருங்கினால், வேறு ஏதோ யோசனையிலிருந்து கலைந்தவர்போல நிமிர்வார். அந்த நிமிர்வுக்கு ஒத்திகை நடந்திருக்கிறது, வீட்டம்மா பார்த்திருக்கிறார்.

கையெழுத்தில் இன்னொரு சங்கடம். “அன்புடன்” என்று எழுதுவது தேய்ந்துபோன வழக்கம் என்று அவரே 1994-ல் ஒரு கட்டுரையில் கண்டித்திருக்கிறார். அதனால் ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு வாக்கியம் எழுத ஆரம்பித்தார். ஒருவருக்கு எழுதியதில் எழுவாய் பயனிலை உதைத்தது, அடித்துத் திருத்தினார். இன்னொருவருக்கு எழுதியது அடுத்த பக்கத்துக்கும் போய், நாவலின் சமர்ப்பணத்தைத் தாண்டியது. வரிசை பக்கத்துக் கடைவரை நீண்டு, பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். கடைசிநாள் எல்லோருக்கும் “அன்புடன்”தான். அதையும் பாதிப் பேருக்குச் சுருக்கெழுத்தில் போட்டுவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் பொன்மொழி வந்து சேர்ந்தது. மோவாயில் கைவைத்த அவர் படம், கீழே வெள்ளை எழுத்தில்: “மழையில் நனைபவனுக்கு மட்டுமே குடையின் தனிமை புரியும்.” வாட்ஸப்பில் அவருக்கே இருபது பேர் அனுப்பினார்கள்.

“தம்பி, இதை நான் எழுதவே இல்லையே.”

“இல்லைங்கய்யா, மூணாவது நாவல்ல வருது.”

அவன் சொன்ன உறுதியில் நம்மவருக்கே சந்தேகம் வந்து, ராத்திரி முழுக்க நாவலைப் புரட்டினார். மழை இரண்டு இடத்தில் வந்தது, குடை வரவேயில்லை. மறுப்புப் போடலாம் என்று எடுத்த பேனாவை, அந்தப் படத்துக்குக் கிடைத்த விருப்பக்குறிகளைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். ஒரு மாதம் கழித்து மதுரையில் ஒரு கல்லூரி விழா. பேச்சின் நடுவே குரலைத் தாழ்த்தி, “நான் எங்கோ எழுதியிருக்கிறேன், மழையில் நனைபவனுக்கு மட்டுமே...” என்று நிறுத்தினார். மாணவிகளே முடித்துவைத்தார்கள். அரங்கம் அதிர்ந்தது. மூன்றாவது நாவலின் புதிய பதிப்பில் பின்னட்டையில் அந்த வரி இருக்கிறது. உள்ளே தேடவேண்டாம்.

வாசகர் வட்டம் என்று ஒன்று அமைந்தபின் அவர் வாழ்க்கை அவர் கையில் இல்லை. ஆரம்பத்தில் ‘சார்’, பிறகு ‘ஐயா’, ஆறே மாதத்தில் ‘ஆசானே’. வாட்ஸப் குழுவில் தினம் காலை அவர் படத்தோடு வணக்கம் வரும். “தனிமனித வழிபாடு எனக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டு ஒருமுறை குழுவைவிட்டு வெளியேறினார். யாராவது திரும்பச் சேர்ப்பார்கள் என்று சாயங்காலம்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தார். சேர்த்தார்கள். “ஆசானின் அறச்சீற்றம்” என்று அதற்கும் ஒரு படம் வந்தது.

வட்டம் இருந்தால் பிளவும் உண்டு. இது கட்சிக்கும் பொருந்தும், கோயில் கமிட்டிக்கும் பொருந்தும். முதல் மூன்று நாவலே உச்சம் என்றது ஒரு கோஷ்டி, பின் மூன்றும்தான் முதிர்ச்சி என்றது இன்னொன்று. முதல் கோஷ்டி ‘வாசகர் வட்டம்’ என்ற பெயரை வைத்துக்கொண்டது. மற்றது ‘வாசகர் பேரவை’ ஆயிற்று. சண்டை முற்றியது பிறந்தநாளில். அவர் தலைமுறைக்கு இரண்டு பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வயது கூட்டி எழுதிய ஜூன் 1 ஒன்று; அம்மா சொல்லி, ஜாதகத்தில் குறித்த ஐப்பசி விசாகம் இன்னொன்று. வட்டம் ஜூனில் கொண்டாடியது. பேரவை ஜாதக நகலை எப்படியோ கைப்பற்றி (வீட்டம்மா மேல் எனக்குச் சந்தேகம்) ஐப்பசியில் கொண்டாடியது. ஜாதகத்தைக் கிழித்து ஒரு முழு நாவல் எழுதிய பகுத்தறிவாளர் இரண்டிலும் கேக் வெட்டினார். இரண்டிலும், தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஏற்புரை வழங்கினார். இரண்டு இடத்திலும் சர்க்கரை இல்லாத கேக்தான்; அந்த ஒரு விஷயத்தில் இரு தரப்பும் ஒற்றுமை.

ஜெயமோகனின் வாசகர்கள் சேர்ந்து அமைத்த விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் மற்ற எழுத்தாளர்களுக்கு ஆண்டுதோறும் விருது கொடுத்து வருகிறது. அதுபோல ஆசான் பெயரில் நாமும் ஒன்று தரலாம் என்று வட்டத்தில் பேச்சு வந்தது. நம்மவர் நெகிழ்ந்துபோய் உடனே சம்மதித்தார். சம்மதித்தபின், “யாருக்குக் குடுக்கிறதா உத்தேசம்?” என்று கேட்டார். வேறு எழுத்தாளருக்கு என்ற அம்சம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விருதுக் கேடயம் தயாராகி மூன்று வருடம் ஆகிறது. தகுதியானவர் இன்னும் அமையவில்லை.

இதற்கிடையே இரு கோஷ்டியும் சமாதானமாகி, நாவல் நடந்த ஊருக்குப் பயணம் கிளம்பினார்கள். இது நம்மூருக்குப் புதிதல்ல. கல்கி 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னைத் தொடராக எழுதினார், இன்றைக்கும் வந்தியத்தேவன் குதிரையில் போன வழி என்று வீராணம், பழையாறை, கோடிக்கரை என்று வேன் வைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கல்கி அந்த இடங்களைப் பார்த்து எழுதியவர். நம்மவர் தன் மூன்றாவது நாவலின் கிராமத்தைப் பார்த்தது துறையூர் போகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து, அதுவும் பஸ் டீக்கு நின்ற நேரம். மற்றதெல்லாம் கற்பனை. கதாநாயகி செண்பகம் 19-ஆம் அத்தியாயத்தில் விழுந்து செத்த கிணறு உட்பட.

வேனில் போனவர்களுக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தக் கிணற்றைக் காட்டினார். “இதுலதாங்க அந்தப் புள்ள விழுந்துச்சு. எங்க பெரியப்பா வகையில தூரத்துச் சொந்தம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். படங்கள் வந்து சேர்ந்தபோது நம்மவர் வெலவெலத்துப் போனார். ஒருவேளை உண்மையாகவே யாராவது விழுந்திருப்பார்களோ?

அந்தப் படங்களில் ஒன்றை ஈரோட்டுப் பல் மருத்துவர் ஒருவர், பேரவைக்காரர், பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். கிணற்றில் தண்ணீர் இல்லை. உடனே நாவலைப் புரட்டினார். 4-ஆம் அத்தியாயத்தில், பங்குனி பிறந்தால் அந்தக் கிணறு வற்றிவிடும் என்று நம்மவரே எழுதியிருக்கிறார். செண்பகம் விழுந்ததோ சித்திரையில். வற்றின கிணற்றில் விழுந்தவள் கால்தானே ஒடிந்திருப்பாள்? அம்மையார் பிரதிலிபியில் தொடர் ஆரம்பித்துவிட்டார். செண்பகம் நொண்டிக்கொண்டே திருப்பூர் போய், பனியன் கம்பெனியில் கை மடிக்கிற வேலையில் சேர்ந்து, டெய்லராகி...

நம்மவர் கொதித்தார். 1893-ல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்து அருவி ஒன்றில் தள்ளிவிட்டார். வாசகர்கள் போட்ட கூச்சலில் பத்து வருடம் கழித்து அவரை உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆனால் கொண்டுவந்தது டாயிலே. ‘பொன்னியின் செல்வன்’ முடிந்ததும் அப்புறம் இவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்களுக்கு முடிவுரையில் பதில் சொன்னதும் கல்கியேதான். அவர் போனபின்தான் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதிக் கதையைத் தொடர்ந்தார். “நான் இன்னும் உசிரோடதானே இருக்கேன்?” என்று நம்மவர் வட்டத்துக்கும் பேரவைக்கும் ஆளுக்கொரு கடிதம் போட்டார். வக்கீலிடம் போகப்போவதாகச் சொன்னார். வக்கீலிடம் காட்டவேண்டுமே என்று தொடரைப் படிக்க ஆரம்பித்தார்.

செண்பகம் இப்போது சொந்தமாகப் பத்துத் தையல் மெஷின் போட்டுவிட்டாள். லைன்மேன் ஒருவன் வேறு குறுக்கே வருகிறான், நல்லவனா கெட்டவனா என்று பிடிபடவில்லை. வக்கீல் பேச்சு நின்றுபோய் நாளாகிறது. போன வாரம் இரவு பத்து மணிக்கு நம்மவர் ஈரோட்டுக்குப் போன் போட்டார்.

“அம்மா, நான்தான் பேசறேன். 41-ஆம் அத்தியாயம் போட்டுப் பத்து நாளாச்சு.”

“அய்யோ ஆசானே, க்ளினிக்ல ஒரே கூட்டம்ங்க. ரூட் கேனாலா வருது.”

“அதெல்லாம் இருக்கட்டும். அந்த லைன்மேனை அவ நம்பறாளா இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க.”

“இன்னும் முடிவு பண்ணலைங்க ஆசானே. நீங்களும் இப்படிக் கேட்டா எப்படீங்க? ஏற்கெனவே நானூறு பேர் கேட்டுட்டிருக்காங்க.”